டேப் ஏன் மேலே படுத்திருக்க வேண்டும்? விஎஸ் கோடோடு ஆறு ஆண்டு

போன மாதம் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி போட்டு வாங்கினேன், 240 வெள்ளி. வாடிக்கையாளர் வேலைக்கெல்லாம் வேறு இடத்தில் நகல் இருந்தது. நிரல், அதாவது கோட், எழுதும் எடிட்டரின் செட்டிங்ஸ் கோப்புக்கு மட்டும் இல்லை. செட்டிங்ஸை இணையத்தில் சேமித்து வைக்கும் சிங்க் வசதி இருந்தும் நான் அதை இயக்கி வைக்காதது என் தவறுதான். ஆறு வருஷமாகச் சிறுகச் சிறுகத் திருத்தி வைத்திருந்த விஎஸ் கோட் என்ற அந்த எடிட்டர், அன்றுதான் இறக்கியதைப் போல எழுந்து நின்றது. இடது பக்கம் ஃபோல்டர்களையும் கோப்புகளையும் காட்டும் கோப்பு மரம், உச்சியில் திறந்த கோப்புகளின் பெயர் வரிசையாக நிற்கும் டேப்.

அதே வாரம் ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணே, பத்து பைல் தொறந்தா டேப் எல்லாம் ஓரமா ஒளிஞ்சுக்குது. நீங்க எங்க வெச்சிருக்கீங்க?"

குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாலு நிமிடம் ஆகியும் முடியவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னுடையது 1366-க்கு 768 பிக்சல் திரை. இந்த ஊரில் நான் பார்க்கும் மடிக்கணினிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். உயரத்தை எது எது தின்கிறது என்று பாருங்கள். உச்சியில் தலைப்புப் பட்டை. அதன்கீழ் 35 பிக்சலில் டேப் வரிசை. அதன்கீழ் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும் 22 பிக்சல் வரி. அடியில் இன்னொரு 22 பிக்சல் பட்டை, அதற்கும் கீழே விண்டோஸ் டாஸ்க்பார். எழுத்து அளவு 14 என்றால் கோட் 30 வரிக்குச் சற்று மேல் தெரியும். கட்டளை தட்டும் டெர்மினலைக் கீழே திறந்தால் 20 வரிதான்.

அகலத்தில் கதை வேறு. ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற பழைய வரம்பு 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வந்தது. இன்றும் பலர் அதை ஒட்டியே எழுதுகிறோம். 14 அளவில் அந்த 80 எழுத்துக்கு 620 பிக்சல் போதும். 1366-இல் பாதிக்கு மேல் தரிசு. தரிசைத் தரிசாகவே விட்டுவிட்டு, விளைகிற நிலத்தில் கொட்டகை போடுவதுதான் மேலே வைக்கும் டேப்.

அப்பா 31 வருஷம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். வீட்டு அலமாரியில் ஆள் வருகையைப் பதியும் பழைய செக்ரோல் ஒன்று இன்னும் இருக்கிறது. ஆட்களின் பெயர் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக, தேதி குறுக்கே. ஆள் கூடினால் கீழே ஒரு வரி சேரும், அவ்வளவுதான். பெயர்களைக் குறுக்கே எழுதி, இடம் போதாமல் "முனியா…", "முனிய…" என்று நறுக்கி வைத்தால் மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, யாரைக் கூப்பிடுவது? கோப்புப் பெயரும் பெயர்தானே. பெயர் கிடைமட்டமாக ஓடுவது, பட்டியல் செங்குத்தாக இறங்குவது. செங்குத்துப் பட்டியலில் ஒரு கோப்புக்கு 22 பிக்சல் போதும், இருபது கோப்பு இருந்தாலும் ஒவ்வொன்றின் பெயரும் முழுசாகத் தெரியும். மேலே வைத்தால் எட்டோ பத்தோ தாண்டியதும் மற்றவை ஓரத்துக்கு அப்பால் போய்விடும்.

இது அழகைப் பற்றிய பேச்சு இல்லை. செம்பனைக் குலை வாங்கும் இரண்டு வியாபாரிகளுக்கு நான் இணையப் பக்கம் செய்து தருகிறேன். இரண்டிலும் அன்றைய டன் விலை ஒரே பெயருள்ள கோப்பில் இருக்கும். இரண்டும் திறந்திருந்தால் விஎஸ் கோட் பெயருக்குப் பக்கத்திலேயே ஃபோல்டர் பெயரையும் மங்கலாகக் காட்டும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் இடம் மிச்சப்படுத்த டேப்புகளைச் சுருங்கவிட்டிருந்தேன், முதலில் மறைந்தது அந்த ஃபோல்டர் பெயர்தான். ஒருவருடைய விலையை மற்றவர் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். காலை ஏழே காலுக்கு லோரிக்காரர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அன்று இரண்டு பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குச் செய்யும் வேலையில் கோப்புப் பெயர்களையே தமிழில் வைக்கிறேன். "விளையாட்டுப்போட்டி முடிவுகள்" என்று ஒரு டேப் வந்தாலே வரிசையில் கால்வாசி போய்விடும். நம் எழுத்துக்கு அகலம் வேண்டும். மேலே இருக்கும் வரிசை அதைக் கொடுக்காது.

எனக்கு ஆற்றாமை எதில் தெரியுமா? 2015-இல் இந்த எடிட்டர் முதலில் வெளிவந்தபோது அதில் டேப்பே கிடையாது. திறந்த கோப்புகள் பக்கவாட்டில் ஒரு பட்டியலாகத்தான் நின்றன. மற்ற எடிட்டர்களில் பழகியவர்கள் டேப் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், 2016-இன் நடுவில் வந்தது. அந்தப் பழைய பட்டியல் இப்போதும் "ஓபன் எடிட்டர்ஸ்" என்ற பெயரில் கோப்பு மரத்துக்கு மேலே ஒண்டிக்கொண்டிருக்கிறது. முதலில் செய்தது சரி. அதை வளர்க்காமல் மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மாற்று வழிகள் எல்லாவற்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். டேப்பைப் பல வரிசையாக மடித்துப் போடும் வசதி 2021-இல் வந்தது. மூன்று வரிசை ஆனால் கோடில் மூன்று நாலு வரி போச்சு. டேப் உயரத்தை 22 பிக்சலாகக் குறைக்கலாம், அதையும் வைத்துப் பார்த்தேன். டேப்பை முழுசாக மறைத்துவிட்டு ஓபன் எடிட்டர்ஸை மட்டும் நம்புவதுதான் நான் கடைசியில் வந்து நின்ற இடம். அது முதலில் ஒன்பது கோப்புக்குத்தான் இடம் கொடுக்கும், எண்ணை 30 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் கண்ட்ரோலோடு B எழுத்தைத் தட்டிப் பக்கப்பட்டியை மூடினால் மரத்தோடு பட்டியலும் சேர்ந்து போய்விடும். எந்தக் கோப்புகள் திறந்திருக்கின்றன என்று மனசிலேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இந்த எடிட்டரில் நான் கண்ட பெரிய சுகம், பக்கப்பட்டியை வலது பக்கம் தள்ளியது. எப்போது செய்தேன் என்பதுகூட நினைவில்லை. பழுதுக்குப் பிறகு பத்து நாள் அது இடது பக்கம் இருந்தபோதுதான் அருமை தெரிந்தது. இடது பக்கம் இருந்தால் மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கோட் மொத்தமும் நகர்ந்துவிடும், படித்துக்கொண்டிருந்த வரியைக் கண் மறுபடி தேட வேண்டும். வலது பக்கம் என்றால் வரி தொடங்கும் இடம் அசையாது. தமிழும் ஆங்கிலமும் மலாயும் இடமிருந்து வலமாகப் படிக்கிற நமக்குக் கண் தங்குவது இடது ஓரத்தில்தான். இந்த ஒரே மாற்றத்தில் மாலையில் வரும் தலைவலி குறைந்தது. பதினோராம் நாள் மாற்றிவிட்டு, பால்கனியில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவ்வளவு நிம்மதி.

ஆறு வருஷத்தில் ஒரு காசு கேட்டதில்லை. என் எட்டு ஜிபி கணினியில் மூச்சு முட்டியதில்லை. எழுதிய ஒரு வரியைத் தொலைத்ததில்லை. தோற்றத்தில் இவ்வளவு திருத்த விடும் எடிட்டர் நான் தொட்டவற்றில் வேறில்லை.

இருந்தும் தம்பி, நீ இதில் தொடங்காதே. உன் கை இன்னும் எதிலும் பழகவில்லை. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் எடிட்டர்களில் டேப்பை மேலே, கீழே, இடது, வலது எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், வேண்டாம் என்றால் எடுத்தும் விடலாம். அவற்றில் வெப்ஸ்டார்ம் 2024 அக்டோபரிலிருந்து வருமானத்துக்கு அல்லாத வேலைக்கு இலவசம். கனமானதுதான், ஆனால் உன் கணினி தாங்கும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் மாதிரிச் சின்ன எடிட்டரில்கூட டேப்பைச் செங்குத்தாக்க ஒரு டிக் போதும். அங்கே பழகிக்கொள். நான் மாறப்போவதில்லை, என் விரல்கள் இங்கேயே ஊறிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது மடிக்கணினியை எடுத்து வா. எதைப் போட்டிருந்தாலும் சரி, பக்கப்பட்டியை நானே வலது பக்கம் மாற்றி வைக்கிறேன்.