ராமன் கருவியும் ஹாட் ஸ்டேஜும்: எட்டு வருட அனுபவம்

எட்டு வருடமாக ஒரே வேலைதான். ஃபெரோஎலக்ட்ரிக் (தானாகவே மின்முனைவு கொண்ட), ஃபெரோஎலாஸ்டிக் (தானாகவே சற்றுத் திரிந்த வடிவம் கொண்ட) படிகங்களைச் சூடாக்கி, லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பதிவு செய்கிறேன். மைக்ரோ ராமன் கருவி, 532 நானோமீட்டர் பச்சை லேசர், படிகத்தை வைத்துச் சூடாக்கச் சின்னதாக ஒரு ஹாட் ஸ்டேஜ். வாங்கும்போது எல்லாரும் ரெசல்யூஷனைத்தான் கேட்பார்கள். நிலைமாற்றம் (சூட்டில் படிகத்தின் அமைப்பே மாறுவது) பார்க்கிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: நிறம் மாறாமல் வரும் லேசர் வரிக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும்?

நிலைமாற்றம் நெருங்க நெருங்க, படிகத்தில் ஓர் அதிர்வு மட்டும் தளர்ந்துகொண்டே போகும். அதுதான் சாஃப்ட் மோட். லெட் டைட்டனேட்டில் அது அறை வெப்பநிலையில் 88 செ.மீ⁻¹ அருகே இருக்கும் (லேசர் வரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை இந்த அலகில்தான் சொல்வோம்). சூடேறினால் இன்னும் கீழே இறங்கும். லேசர் வரியைத் தடுக்க எங்களிடம் முதலில் இருந்த ஃபில்டர் 100-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டது. பார்க்க வேண்டியதே அங்கேதான் இருந்தது. மூன்றாம் வருடம் வால்யூம் பிராக் கிரேட்டிங் ஃபில்டருக்கு மாறினோம். இப்போது 10 செ.மீ⁻¹ வரை போக முடிகிறது. அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்துச் சிதறும் ஸ்டோக்ஸ் ஒளியோடு, அதிர்விலிருந்து ஆற்றலை வாங்கிச் சிதறும் ஆன்டி ஸ்டோக்ஸ் பக்கமும் அதே பதிவில் கிடைக்கிறது. அதன் அருமை பிஸ்மத் வனடேட் எடுத்தபோதுதான் புரிந்தது.

மஞ்சள் படிகம் அது. 255 டிகிரி செல்சியஸில் ஃபெரோஎலாஸ்டிக் நிலையை விட்டு மாறும். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வழியே பார்த்தால் இரட்டைப் படிகங்கள் வரிவரியாகத் தெரியும். ஸ்டேஜின் திரையில் 240 டிகிரி இருந்தபோதே லேசர் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தில் வரிகள் அழிந்துவிட்டன. வட்டத்துக்கு வெளியே அப்படியே இருந்தன. ஷட்டரை மூடினேன், வரிகள் திரும்பி வந்தன. திறந்தேன், மறுபடி போய்விட்டன. லேசரே அந்த இடத்தைக் கூடுதலாகச் சூடாக்குகிறது, இரண்டு வாரப் பதிவுகளின் வெப்பநிலை அச்சே தவறு என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. அந்தப் படிகம் பச்சையை உறிஞ்சும். சூடாக ஆக இன்னும் அதிகம் உறிஞ்சும். அப்புறம் 633 நானோமீட்டர் சிவப்புக்கு மாறி, திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே வைத்தேன்.

லேசர் பட்ட இடத்தின் உண்மையான சூட்டை அறிய ஸ்டோக்ஸ், ஆன்டி ஸ்டோக்ஸ் வரிகளின் விகிதமே போதும். 330 செ.மீ⁻¹ அருகே உள்ள வரி என்றால், கருவியின் உணர்திறனைச் சரிசெய்த பிறகு, 255 டிகிரியில் ஸ்டோக்ஸ், ஆன்டி ஸ்டோக்ஸைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே நிற்க வேண்டும்.

ஹாட் ஸ்டேஜைத் தனியாகச் சோதிக்க எனக்குப் பிடித்தது குவார்ட்ஸ். ஒளி புகும் படிகம் என்பதால் லேசர் அதைச் சூடாக்காது. 573 டிகிரியில் ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்கு மாறும். சூடேறச் சூடேற 207 செ.மீ⁻¹ வரி அகன்று லேசர் வரியை நோக்கி நகர்வதை சி.வி. ராமனும் நெடுங்காடியும் 1940-லேயே எழுதிவிட்டார்கள். இயற்பியலாளர்கள் காக்ரனும் ஆண்டர்சனும் சாஃப்ட் மோடைக் கோட்பாடாகச் சொன்னது அதற்கு ஏறத்தாழ இருபது வருடம் கழித்துத்தான். அதே வரி என் திரையில் நகர்வதைப் பார்க்கும்போது இன்றும் மனம் நிறைகிறது. சரி, எங்கள் ஸ்டேஜில் குவார்ட்ஸ் மாறியபோது திரை காட்டியது 582. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஹீட்டருக்குள் இருக்கிறது. படிகத்தின் மேல்பக்கம் அதைவிடக் குளிர்ச்சி. லேசர் செய்த பிழைக்கு நேர் எதிரான பிழை இது.

பேரியம் டைட்டனேட் எடுப்பவர்களுக்கு ஒன்று. 120 டிகிரி தாண்டி கனசதுரமானதும் முதல்படி ராமன் வரிகள் (ஒரே அதிர்வால் வருபவை) இருக்கக் கூடாது. ஆனால் 250, 520 செ.மீ⁻¹ அருகே அகன்ற மேடுகள் மறையாமல் நிற்கும். கருவியைச் சந்தேகிக்காதீர்கள். டைட்டானியம் அயனிகள் நடுவில் அமராமல் சற்றே விலகி நிற்பதன் விளைவு அது. 305 அருகே உள்ள கூரான வரி போய்விட்டதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

குறை என்றால் ஸ்டேஜின் கண்ணாடி ஜன்னல்தான். 400 டிகிரிக்கு மேல் அடிக்கடி படலம் படிகிறது, துடைத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது ஒவ்வொரு பதிவோடும் மூன்று எண்கள் எழுதுகிறேன்: திரை காட்டியது, விகிதம் சொன்னது, லேசர் திறன். பழைய பதிவுகள் பலவற்றில் லேசர் திறன் இல்லை. அந்தப் படிகங்களை ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.