நாவல் படமா, இரண்டாம் பாக சீரியலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு டிவிக்கு இரண்டு கட்சி. எனக்கு நாவலை எடுத்த படம். அம்மாவுக்குப் பழைய சீரியலின் மறுபிறவி.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாக நாவல். 2022, 2023-இல் இரண்டே படமாகச் சுருங்கியது. நாவலில் வரும் மணிமேகலையைப் படத்தில் காணவே காணோம். அத்தைக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் கடம்பூர் மாளிகையில் நந்தினியும் கரிகாலனும் நேருக்கு நேர் நிற்கும்போது கரிகாலனாக நடித்த விக்ரமின் கண்களே பல அத்தியாயங்களைச் சொல்லிவிடுகின்றன. வெட்டியதையெல்லாம் அந்த ஒரு காட்சிக்காக விட்டுவிடலாம்.

‘சித்தி 2’ கதை வேறு. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’யைத் தோட்டத்து லைன் வீட்டில் பார்த்தவர் அம்மா. பெயருக்காகவும் ராதிகாவுக்காகவும்தான் இதிலும் உட்கார்ந்தார். ராதிகா நடுவிலேயே விலகிவிட்டார். தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தி இல்லாத சித்தி! அம்மா அப்போதும் விடவில்லை, சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

சரி, சீரியலுக்கு ஒரு வசதி உண்டு. மாலை மழையில் டிஷ் அரை மணி நேரம் படுத்துவிட்டாலும் கதை அங்கேயேதான் நிற்கும். படத்தில் ஐந்து நிமிடம் தவறினால், யார் யாருக்குச் சித்தப்பா என்று அத்தையைத்தான் கேட்க வேண்டும்.