பாலக்காட்டுப் பாதையில் வீல்சேருடன் ரயில்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

பெட்டிக்குள் போய்விட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பாடெல்லாம் பிளாட்பாரத்துக்கும் பெட்டித் தரைக்கும் நடுவில் உள்ள அந்த அரை மீட்டரில்தான். உயரமான பிளாட்பாரம் என்றாலும் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ.தான், பெட்டியின் தரையோ ஏறக்குறைய 130 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆக, நல்ல ஸ்டேஷனிலேயே ஒன்றரை அடிக்குக் குறையாமல் ஏற வேண்டும். தாழ்ந்த பிளாட்பாரம் என்றால் சேரிலேயே உட்கார்ந்து ஏறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சாய்தளம் கேட்டு வாங்கலாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பாதுகாப்பான சரிவு 12-க்கு 1, 50 செ.மீ. ஏற 6 மீட்டர் நீளம் வேண்டும். கொண்டு வருவது 2 மீட்டர் பலகை என்றால் சரிவு 4-க்கு 1 ஆகிவிடும். அதில் தனியாக ஏறவே கூடாது. பின்னால் இரண்டு பேர் வேண்டும். ஏறும்போது முகம் பெட்டியைப் பார்த்து, இறங்கும்போதும் முகம் பெட்டியைப் பார்த்தே, பின்புறமாக. இரண்டிலும் உதவுபவர் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிச் சாரல் அடிக்கும் நாட்களில் பலகை நனைந்து வழுக்கும். துடைத்த பிறகே சக்கரத்தை வையுங்கள்.

பலகை இல்லையென்றால் தூக்குவதுதான் வழி. தூக்குபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது: ஃபுட்ரெஸ்டையும் கை வைக்கும் ஆர்ம்ரெஸ்டையும் தொடாதீர்கள், கழன்று கையோடு வந்துவிடும்; இரும்புச் சட்டத்தைப் பிடியுங்கள். பின்பக்கம் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்களை முன்பே மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் படியில் சிக்கும். பாலக்காட்டில் தமிழ் செல்லும். அதற்கு அந்தப்பக்கம் மலையாளத்தில் "ஒன்னு பிடிக்காமோ" (கொஞ்சம் பிடிக்கிறீர்களா) என்று கேட்டால் உடனே கை நீட்டுவார்கள். பேட்டரி சேரை இந்தப் பாதைக்குக் கொண்டு வர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆளையும் சேர்த்து அந்த எடையைப் படியில் தூக்க யாராலும் ஆகாது.

மாற்றுத்திறனாளிகள் பெட்டி பெரும்பாலும் ரயிலின் ஏதாவது ஒரு முனையில், கார்டு, லக்கேஜ் பகுதியோடு ஒட்டியிருக்கும். 22 பெட்டி ரயில் அரை கிலோமீட்டர் நீளம். இரண்டு நிமிட நிறுத்தத்தில் முனை மாறிப்போனால் ரயில் போய்விடும். கோச் பொசிஷனை அன்றைக்கே ஸ்டேஷனில் கேளுங்கள். பொள்ளாச்சிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: திருவனந்தபுரத்திலிருந்து வரும் அமிர்தா எக்ஸ்பிரஸ் பாலக்காடு ஜங்ஷனில் (பெரியவர்கள் இன்னும் ஒலவக்கோடு என்றே சொல்வார்கள்) எஞ்சினை மறுமுனையில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போகும். அதுவரை முன்னால் இருந்த பெட்டி பிறகு கடைசிப் பெட்டி. அழைத்துப் போக வருபவருக்கு இதைச் சொல்லாவிட்டால் அவர் எதிர்முனையில் நிற்பார்.

உள்ளே அகலமான கதவு, சேர் நுழையும் கழிவறை, சுவரில் பிடிகம்பி எல்லாம் உண்டு. இவை உண்மையிலேயே பயனுள்ளவை. சாதாரண ஸ்லீப்பர் பெட்டிக் கழிவறையில் சேர் நுழையவே நுழையாது. குறைகளும் உண்டு. பல ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டி என்பதால் மற்றவர்கள் ஏறி நிரப்பிவிடுகிறார்கள். அப்போது ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்து ரயில் எண்ணையும் பெட்டி எந்த முனையில் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த பெட்டிக்கு உள்வழி இல்லாத ரயிலில் சாப்பாடு விற்பவர் வரமாட்டார். தண்ணீரும் உணவும் கையில் இருக்கட்டும்.

ஸ்லீப்பரில் போவதானால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி ஒதுக்கீட்டில் 4 பெர்த் உண்டு. துணையில்லாமல் பயணிக்க முடியாதவருக்கு 75 சதவீதச் சலுகை, கூட வரும் ஒருவருக்கும் அதே அளவு. ரயில்வேயின் சலுகை அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கழிவறைச் சிக்கலை நினைத்தால் இரவுப் பயணத்துக்கு மட்டும் ஸ்லீப்பரைத் தவிர்க்கலாம். வந்தே பாரத்தில் முனைப் பெட்டிகளில் சேருக்கு இடமும் பெரிய கழிவறையும் இருக்கின்றன.

ஓடும் ரயிலில் சேரின் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். இருக்கையின் காலோடு ஒரு பட்டையால் கட்டுங்கள். வாளையார்ப் பக்கம் யானை நடமாடும் இடம், வேகம் குறையும்போது சேர் நகரும். கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர்கள் கஞ்சிக்கோடு தாண்டியதும் பட்டையை அவிழ்த்து, இடுப்பு பெல்ட்டை மாட்டி, கதவருகே வந்து மறுபடி பிரேக்கைப் போட்டுவிடுங்கள். ரயில் முழுதாக நின்ற பிறகுதான் பிரேக்கை விட வேண்டும்.