மதுரைல கேம் ஆர்ட் படிக்க ஃபீஸ் கட்டப் போறவங்க இத படிச்சுட்டு கட்டுங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா போதும், காளவாசல், பைபாஸ் ரோடு, கே.கே.நகர் எங்க பார்த்தாலும் கேம் டிசைன் டிகிரி, 100 சதவீதம் வேலைன்னு பேனர் கட்டிருவாய்ங்க. அதுல ஒரு இடத்துல மூணு வருஷம் படிச்சுட்டு வெளிய வந்து எழுதுறேன். பேர் போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு, அதனால போடல.

கோர்ஸ் பேரு கேம் என்விரான்மென்ட் ஆர்ட். கேம்ல நீங்க நடந்து போற தெரு, கோட்டை, காடு, பாறை எல்லாம் செய்ற வேலை. அட்மிஷன் அன்னைக்கு பெரிய ஸ்கிரீன்ல பாழடைஞ்ச கோயில் ஒண்ண ஓட விட்டு எங்க பசங்க செஞ்சதுன்னாய்ங்க, எங்கப்பா அத பார்த்துட்டுதான் உசிலம்பட்டில இருந்த நிலத்த அடகு வச்சு பணம் கட்டுனாரு. அது காசு குடுத்தா யாரு வேணா வாங்கிக்கிற ரெடிமேட் சீன்னு ரெண்டாவது வருஷம்தான் தெரிஞ்சது.

லேப்ல 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டே கிடையாது. கேம் செய்ற சாஃப்ட்வேர் அன்ரியல் 5க்கு 32 ஜிபி ரேம் வச்சுக்கங்கன்னு அத செஞ்ச எபிக் கம்பெனியே சொல்லுது. பொருள் மேல வெளிச்சமும் கலரும் எப்படித் தெரியணும்னு கணக்குப் போடுற ஷேடர் புரோகிராம் கம்பைல் ஆகுறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிரும். இதுல சாஃப்ட்வேர் ஃபீஸ்னு தனியா 40,000 வேற! 3டி மாடல் செய்ற சாஃப்ட்வேர்ல பிளெண்டர் எல்லாருக்கும் இலவசம், மாயா ஸ்டூடண்ட்ஸுக்கு இலவசம், அன்ரியல்ல நீங்க செஞ்ச கேம் 10 லட்சம் டாலருக்கு மேல சம்பாதிச்சாத்தான் 5 சதவீதம் கேப்பாங்க, படிக்கிற பையன்கிட்ட ஒரு பைசா கேக்க மாட்டாங்க. அப்ப அந்த 40,000 எதுக்கு? இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் ஃபைனல் ப்ராஜெக்ட்தான். திருமலை நாயக்கர் மகால செய்யணும்னு ஆசைப்பட்டேன். என்விரான்மென்ட் ஆர்ட் கத்துக்க அத விட நல்ல இடம் மதுரைல இல்ல, ஒரே தூண், ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும், ஒரு தூணும் ஒரு வளைவும் ஒழுங்கா செஞ்சு கிரிட்ல ஒட்ட வச்சா பாதி மண்டபம் எந்திரிச்சிரும், மாடுலர் கிட்னு சொல்றது அதத்தான். சுதை வேலைப்பாட்டுக்கு ட்ரிம் ஷீட் போடலாம், அதாவது பல பட்டை டிசைன ஒரே படத்துல அடுக்கி வச்சு தேவைப்பட்ட எடத்துல ஒட்டுறது. தூண்ல ஆளுயரத்துக்கு பேரு கிறுக்கி வச்சிருக்கானுங்கள்ல, கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆன எடமும் இருக்கும், அது எந்த எடம் வழவழ, எந்த எடம் சொரசொரன்னு சொல்ற ரஃப்னஸ் மேப்ல தெரிஞ்சாத்தான் நெசமான தூண் மாதிரி இருக்கும். சார் என்ன சொன்னாரு தெரியுமா, அதெல்லாம் எதுக்குப்பா, மெகாஸ்கேன்ஸ்ல இருந்து இழுத்துப் போட்டு லைட் வையி, மார்க் போட்டுறேன். மெகாஸ்கேன்ஸ்ங்கறது நெசப் பாறை, செவுரெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்ச ரெடிமேட் லைப்ரரி. அது தப்புன்னு சொல்லல, பெரிய ஸ்டூடியோலயும் யூஸ் பண்றாங்க, ஆனா செய்யத் தெரிஞ்சவன் எடுத்துப் போடுறது வேற.

சென்னைல ஒரு ஸ்டூடியோவுக்கு இண்டர்வியூ போனப்ப அந்த லீட் அண்ணன் பொறுமையா எல்லாத்தையும் பார்த்துட்டு, வயர்ஃப்ரேம் எங்க தம்பி, டெக்செல் டென்சிட்டி என்ன வச்சீங்கன்னு கேட்டாரு. வயர்ஃப்ரேம்னா மாடலோட கோட்டு வலை, டெக்செல் டென்சிட்டின்னா பொருளோட அளவுக்கு எத்தனை பிக்சல் டெக்ஸ்சர் வருதுங்கற கணக்கு. மூணு வருஷத்துல டெக்செல் டென்சிட்டிங்கற வார்த்தை என் காதுல விழுந்ததே இல்ல. சரி, இதுல நீங்களே செஞ்ச ஒரு பொருள் காட்டுங்கன்னாரு. காட்ட ஒண்ணுமில்ல.

100 சதவீதம் வேலைன்னது கால் சென்டர். அதுக்கும் பிளேஸ்டுன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டாய்ங்க.

சேரப் போறவங்க பழைய பசங்க தங்க வேலைய போட்டு வச்சிருக்க ஆர்ட்ஸ்டேஷன் சைட் லிங்க் கேளுங்க, அழகான ரெண்டர் மட்டும் பத்தாது, வயர்ஃப்ரேமும் இருக்கணும். லேப்ல போய் உக்காந்து அன்ரியல ஓப்பன் பண்ணச் சொல்லுங்க. சொல்லிக் குடுக்குறவரு எந்த கேம்ல வேலை பார்த்தாருன்னு கேட்டு கிரெடிட்ஸ்ல பேரு இருக்கான்னு பாருங்க. ஒரிஜினல் மார்க்ஷீட்ட குடுத்துட்டு வராதீங்க, காலேஜ் அத பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிருச்சு. வெள்ளப் பேப்பர்ல ரசீது குடுத்தா வாங்காதீங்க.

நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு கம்ப்ளைண்ட் பதிஞ்சாச்சு, வக்கீல் நோட்டீஸும் போயிருக்கு. இதே மாதிரி மாட்டுனவங்க மதுரைல இருந்தா ரசீதோட இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்து கேப்போம்.