மலைத்தீவுகளைக் கையால் வரைதல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மிகைபுனைவுக் கதைகளுக்கான நிலப்படங்களில் மலைத்தீவுகளைக் கையால் வரையத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நண்பர் ஒருவரின் தொடர்கதைக்கு ஒரே ஒரு தீவு வரைந்து கொடுக்கப் போய்த் தொடங்கிய வேலை இது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் என் அறையில் ஒரு பலகைக்கு அடியில் அடுக்கிக் கிடக்கின்றன. நான் இருப்பது மண்டபத்தில். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் சொல்லப்படும் 21 தீவுகளில் ஒன்றில்கூட மலை கிடையாது. பவளமும் மணலும் சேர்ந்து கடல்மட்டத்துக்குச் சற்றே மேல் எழுந்த திட்டுகள் அவை. ராமேஸ்வரத்தின் மிக உயரமான இடத்தைக் கந்தமாதன பர்வதம் என்கிறோம். அதுவும் ஒரு மணற்குன்றுதான். ஆகவே, மலையைக் கண்ணால் பார்த்து வரையும் வாய்ப்பு எனக்கு இல்லை. மலை எப்படி உருவாகிக் கடலில் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டே வரைய வேண்டியிருந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்த பெருந்தவறு, கரையை முதலில் வரைந்ததுதான். நெளிநெளியாக அழகான ஒரு கரைக்கோட்டை வரைந்து மூடிவிட்டு, அதன் நடுவில் கூம்பு கூம்பாக மலைகளை நட்டு வைப்பேன். பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்தத் தீவில் யாரும் வாழ முடியாது என்று மட்டும் தோன்றும். இப்போது கரைதான் கடைசி. முதலில் 2எச் பென்சிலால் தீவின் முதுகெலும்பாக ஒரு முகட்டுக்கோடு. அதிலிருந்து மரக்கிளை போல இருபுறமும் பிரியும் கிளை முகடுகள். இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குக்கு ஓர் ஆறு. கிளை முகடு கடலைத் தொடும் இடம் முனையாக நீளும், பள்ளத்தாக்கு கடலைத் தொடும் இடம் குடாவாக உள்வாங்கும். இவ்வளவும் அமைந்தபின் கரைக்கோடு தானாகவே வந்து சேர்கிறது. கடல் உள்ளே ஏறிய பழைய மலைக்கரைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்; அண்மையில் எழுந்த எரிமலைத் தீவு என்றால் கரையை இவ்வளவு நெளிக்கக் கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது நம் எதிர்க்கரையான இலங்கையின் நிலப்படத்திலிருந்து. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையும் அதைச் சூழ்ந்த மேட்டுநிலமும் தீவின் தென் நடுவில் இருக்க, மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிக் கிழக்கே கொட்டியாரக் குடாவிலும், களனி மேற்கிலும், வளவை தெற்கிலும் கடல் சேர்கின்றன. சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஆறுகள் பிரியும் இந்த அமைப்பைப் பத்து முறை பார்த்து வரைந்தபின்தான், கீழே வர வர ஆறுகள் ஒன்றுசேருமே தவிர, கழிமுகத்துக்கு முன்னால் பொதுவாகப் பிரிவதில்லை என்பது என் கைக்குப் பழகியது.

கருவிகளைப் பொறுத்தவரை, மையில் தொட்டு வரையும் நிப்புப் பேனாவையே பரிந்துரைப்பேன். 0.2 மில்லிமீட்டர் ஃபைன்லைனர் பேனாக்களை ஓராண்டு பயன்படுத்தினேன். ஊர்ப்பெயர் எழுதவும் ஆறு வரையவும் அவை போதும். ஆனால் அவற்றின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனாக இருப்பதால் சரிவு சரிவாகத் தெரிவதில்லை. நிப்பில் நடப்பது வேறு. முகட்டில் நிப்பை வைத்து லேசாக அழுத்தும்போது அதன் பிளவு விரிந்து கோடு கருத்துத் தடிக்கிறது. கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே விரலைத் தளர்த்தினால் மயிரிழையாக மெலிந்து தாளில் கரைந்துவிடுகிறது. அந்த ஒரே இழுப்பில் உச்சியின் செங்குத்தும் அடிவாரத்தின் தணிவும் வந்துவிடுகின்றன. அடுத்த கோடு முந்தையதற்கு இணையாக இல்லாமல் சற்றே விரிந்து இறங்க வேண்டும். இணையாகப் போட்டால் மலை சீப்பாகிவிடும். செங்குத்து கூடக் கூடக் கோட்டைத் தடிப்பாக்கும் முறையை 1799இல் சாக்சனி நாட்டின் யோஹான் கியார்க் லேமன் அளவுகளோடு வகுத்தார். அவர் முறைப்படி மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில் ஒரு முழுத் தீவை நான் முடிக்க ஐந்து வாரங்கள் ஆயின. பக்கத் தோற்ற மலைகளென்றால் இரண்டு மாலைகள் போதும். கதைப்படங்களுக்கு நான் பக்கத் தோற்றத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.

ஒளி இடது மேல்மூலையிலிருந்து விழுவதாகவும், நிழல்கோடுகள் வலப்புறச் சரிவில் மட்டும் வருவதாகவும் வைத்துக்கொள்வது நல்லது. மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில் ஒளியைக் கீழ்ப்புறத்திலிருந்து விட்டால் மலை பள்ளமாகத் தெரியத் தொடங்கும். வடமேற்கிலிருந்து வரும் இந்த ஒளியை, உச்சிவேளையில் சூரியன் தெற்கேயே நிற்கும் வட நாடுகளில் வெறும் மரபு என்பார்கள். ஏறக்குறைய 9 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கோ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வெயில் உண்மையிலேயே சற்று வடக்கிலிருந்து விழுகிறது.

கடற்கரையில் இருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உப்புக்காற்றில் எஃகு நிப்பு இரண்டே நாளில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைக்கிறேன். மறுமுறை எடுக்கும்போது சோப்புப் போட்டு எண்ணெயைப் போக்காவிட்டால் மை நிற்காது. இந்தியன் இங்க்கில் அரக்கு கலந்திருப்பதால் உலர்ந்தபின் நீர் பட்டாலும் கலையாது. அதே அரக்குதான் மின்விசிறிக் காற்றில் நிப்பிலேயே இறுகிவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிப்பை நீரில் அலசுவேன். தாளில்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன். மதுரையில் வாங்கிய 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள்கட்டைப் பிரித்தபடியே ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அலமாரியில் விட்டுவைத்தேன். மை பரவாமல் தடுக்கும் தாளின் பசைப்பூச்சு ஈரத்தில் பலமிழந்திருந்தது. வரைந்த முதல் முகடே பஞ்சில் விட்ட மைபோலப் படர்ந்துவிட்டது. பென்சில் வேலை முழுதும் முடிந்திருந்த அந்தத் தீவை அப்படியே கைவிட்டேன். இப்போது ஒவ்வொரு தாளையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் வைக்கிறேன். பெரிய படங்களை மாசிக்கும் சித்திரைக்கும் இடையில்தான் மை தீட்டுகிறேன்.

பாம்பனில் வள்ளம் வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை முடிந்த படமொன்றைப் பார்த்துவிட்டு, நான் துறைமுகம் குறித்திருந்த இடத்தில் விரலை வைத்து, “மாப்ள, கச்சான் அடிச்சா இங்க வள்ளம் நிக்குமா?” என்று கேட்டார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பென்சில் கட்டத்திலேயே தாளின் ஓரத்தில் காற்று வரும் திசைக்கு ஓர் அம்பு போட்டுவிடுகிறேன். காற்று மோதும் சரிவில் மழையும் அடர்காடும் ஆறுகளும். முகட்டுக்கு அப்பால் வறண்ட நிலமும், காற்று மறைவில் துறைமுகமும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்ள, வடகிழக்கு மழையை நம்பிக் கண்மாய் வெட்டி வாழும் நமக்கு இந்த வறண்ட பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவளப் பாறைகளை வரையும்போது ஆற்றுமுகத்துக்கு எதிரே இடைவெளி விடுகிறேன். நன்னீரும் வண்டலும் இறங்கும் இடத்தில் பவளம் செழிக்காது. கரையை ஒட்டிக் கடலில் அடுக்காகப் போடும் நீர்க்கோடுகளில் முதலாவதைக் கரையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் போட்டு, அடுத்தடுத்த இடைவெளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் நான்கு கோடுகளில் கடல் ஆழ்ந்துவிடும். செங்குத்துப் பாறைக் கரை மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கோடுகளை நெருக்கினால் கருந்திட்டாகிறது, விலக்கினால் வேலி போல நிற்கிறது. இப்போது மேசையில் இருக்கும் தீவின் தென்கரையை அதற்காகவே இன்னும் பென்சிலில் வைத்திருக்கிறேன்.