800 டிபிஐயா 1600 டிபிஐயா?
களியக்காவிளை பக்கம் நம்ம பயலுவ வாலரண்ட்ங்கிற துப்பாக்கி கேம் ஆட உக்காந்தா மொதல்ல வர்ற சண்டையே இதான் மக்கா, மவுஸ்ல 800 டிபிஐ (மவுஸ் ஒரு இஞ்ச் நகந்தா எத்தன புள்ளி கணக்காவும்ங்கிற அளவு) வைக்கணுமா 1600 வைக்கணுமான்னு, பாறசாலைல இருந்து வர்ற மலையாளி பயலுவளும் இதத்தான் பேசுதானுவ.

800-ல கேமுக்குள்ள வைக்குற சென்சிட்டிவிட்டி 0.4, 1600-ல 0.2, பெருக்கிப் பாத்தா ரெண்டும் 320தான், கை நகத்துற தூரத்துக்கு எய்ம் திரும்புறது ஒண்ணுபோலதான் இருக்கும். வித்தியாசம் எங்கன்னா, 1600-ல மவுஸ் லேசா அசைஞ்சாலே கணக்குல எடுத்துரும், தூரத்துல நிக்கவன் தலைக்கு பொடிப்பொடியா நகத்தும்போது இழுப்பு வழவழன்னு வரும். ஆனா டெஸ்க்டாப்ல கர்சர் பேய் பிடிச்ச மாதிரி ஓடும், ஒரு ஃபோல்டர மூடப்போனா வேற எதையோ அமுக்கிரும். 800-ல அந்தத் தொல்லை இல்ல.

வெல கொறஞ்ச மவுஸ்னா 800 போதும். நல்ல சென்சார்னா என் ஓட்டு 1600-க்குதான், கர்சர் வேகத்த விண்டோஸ்ல கொறச்சுக்கலாம், ரா இன்புட்ல, அதாவது விண்டோஸ் செட்டிங்க எடுக்காம மவுஸ்ல இருந்து நேரா வாங்கி ஓடுற கேம அது தொடாது. எத வச்சாலும் விண்டோஸ் மவுஸ் செட்டிங்ல இருக்க 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' டிக்க எடுத்துருங்க. போலிங் ரேட்டையும் (செகண்டுக்கு எத்தன தடவ மவுஸ் கம்ப்யூட்டருக்கு தகவல் சொல்லுதுங்கிறது) பாருங்க, 125-ல கிடந்தா 8 மில்லிசெகண்டுக்கு ஒருக்கதான் தகவல் போவும், 1000 வச்சா 1 மில்லிசெகண்டு.