பழைய அலுவலகப் படத்துக்கு எந்தக் கணினி: ஐபிஎம்மா, மெக்கின்டாஷா, நம்மூர் 486-ஆ?

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அலுவலகம் ஒன்றை ஒளிப்படத்துக்காக மறுபடி அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மேசை, நாற்காலி, உடை ஆகியவற்றைத் தேடி முடித்த பிறகே கணினியைப் பற்றி யோசிக்கிறார்கள். பழையதாக எது கிடைத்தாலும் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. நாற்காலிக்கும் மேசைக்கும் துல்லியமான ஆண்டு கிடையாது, கணினிக்கு உண்டு. எந்த இயந்திரம் மேசையில் ஏறுகிறதோ, அதுவே படத்தின் ஆண்டையும் நாட்டையும் முடிவுசெய்துவிடுகிறது. சுவர்க் காலண்டர் முதல் மின்செருகி வரை மற்ற அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டே அமைய வேண்டியிருக்கிறது.

இவ்வகைப் படங்களுக்குப் பொதுவாகப் போட்டியிடுபவை மூன்று: 1981-இன் ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர், 1984-இன் ஆப்பிள் மெக்கின்டாஷ், 1990-களின் முற்பகுதியில் நம்மூர் அலுவலகங்களில் குடியேறிய அசெம்பிள் செய்த 486 (486 வகைச் செயலி கொண்ட கணினி). திரை உயிரோடு எரியுமா, அதைக் கேமரா ஒழுங்காகப் படிக்குமா, சுற்றியிருக்க வேண்டிய பொருள்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளனவா என்னும் கேள்விகளை மூன்றிடமும் கேட்டுப் பார்க்கிறேன். அழகைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஐபிஎம் 5150

1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான இந்த இயந்திரத்தில் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இன்டெல் 8088 செயலி இருந்தது. சாப்ளினின் நாடோடி வேடத்தைக் கொண்டு ஐபிஎம் வெளியிட்ட விளம்பரங்கள், அலுவலகக் கணினி என்றால் இதுதான் என்னும் சித்திரத்தை அமெரிக்கர் மனத்தில் பதித்தன. படம் எடுப்பவரின் கண்ணுக்கும் இது விருந்து. அகன்ற உலோகப் பெட்டியின் முகப்பில் முழு உயர ஃப்ளாப்பி டிரைவ்கள் இரண்டு கறுப்பாக அமர்ந்திருக்கும். அதன்மேல் 5151 என்னும் பதினொன்றரை அங்குல மானிட்டரில் பச்சை எழுத்துகள் ஒளிரும். சுருள் கம்பியோடு கூடிய அந்தக் கனத்த விசைப்பலகைக்கு நிகரான ஒன்றைப் பின்வந்த மலிவு இயந்திரங்களில் காண்பது அரிது.

தொல்லை திரையில்தான் தொடங்குகிறது. 5151 மானிட்டர் தனக்கான மின்சாரத்தையே கணினியின் பின்புறத்திலிருந்து பெறுகிறது. படச் சைகையை அதற்குரிய கார்டிலிருந்து, ஒன்பது முனைச் செருகி வழியாக, 18.4 கிலோஹெர்ட்ஸ் என்னும் தனித்த அதிர்வெண்ணில் எதிர்பார்க்கிறது. இன்றைய கணினி எதையும் அதனுடன் நேரடியாக இணைக்க முடியாது. பொருந்தாத சைகையைச் செலுத்தினால் மானிட்டர் பழுதடையவும் கூடும். ஆகவே பச்சை ஒளி வேண்டுமென்றால் நாற்பது ஆண்டு கடந்த பெட்டி முழுவதும் உயிரோடு இருந்தாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்ததாயின் அது 110–120 வோல்ட்டுக்கு உரியது. நம்முடைய 230 வோல்ட்டில் இடையில் மின்மாற்றி இல்லாமல் செருகினால், படப்பிடிப்பு புகையோடு முடியும்.

இன்னொரு சிக்கல் வரலாற்றைச் சேர்ந்தது. ஐபிஎம் 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறி, 1992-இல் டாடாவுடன் சேர்ந்தே திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே எச்சிஎல், விப்ரோ போன்ற நிறுவனங்களே களத்தில் நின்றன. எனவே 5150-ஐ வைத்து, பக்கத்தில் பிரம்பு நாற்காலியும் சுவரில் முருகன் படமும் அமைத்தால், பொருள்கள் ஒவ்வொன்றும் அசலாக இருந்தும் படம் பொய்யாகிவிடும். இதைத் தேர்ந்தெடுப்பவர் முழு அமெரிக்க அலுவலகத்தையே கட்ட வேண்டும்: தட்டைக் கால் மின்செருகிகள், ஏ4-ஐ விடச் சற்று அகலமும் குறைந்த உயரமும் கொண்ட அமெரிக்க லெட்டர் தாள், அதற்கேற்ற கோப்புறைகள். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு இவற்றைத் திரட்டுவது கணினியைத் தேடுவதைவிடக் கடினம்.

மெக்கின்டாஷ்

1984 ஜனவரி 24 அன்று வெளிவந்த மெக்கின்டாஷ், மூன்றில் மிக ஒளிமுகம் கொண்டது. திரையும் பெட்டியும் ஒன்றாக இருப்பதால் அகலம் பத்து அங்குலத்துக்கும் குறைவு. உயரம் பதினான்கு அங்குலத்தைத் தொடாது. ஐபிஎம்மில் பெட்டியின்மேல் மானிட்டர் ஏறிக்கொள்வதால், கேமராவைப் பக்கவாட்டுக்கு நகர்த்தாமல் பின்னால் அமர்ந்திருப்பவரின் முகத்தைக் காட்ட முடியாது. மெக்கின்டாஷுக்குப் பின்னே அமர்பவரின் முகம் இயல்பாகவே மேலே தெரியும். ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் 512-க்கு 342 புள்ளிகள். வெள்ளைப் பின்னணி என்பதால் முகத்தின்மீது மென்மையான ஒளியும் விழும்.

ஆயினும் இது ஒரு மனிதரின் உருவப்படத்துக்கு ஏற்ற கணினி; அலுவலகப் படத்துக்கு அந்த அளவுக்கு ஏற்றதன்று. மேசையில் மெக்கின்டாஷ் இருந்தால் பார்ப்பவர் கண் அதைவிட்டு நகர்வதில்லை. கோப்புகளும் தொலைபேசியும் வெறும் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றன. நம் நாட்டில் விளம்பர நிறுவனங்களிலும் அச்சுத் துறையிலும்தான் அதற்கு இடம் இருந்தது; வடிவமைப்பு அறை ஒன்றைக் காட்டுவதாயின் பொருந்தும், கணக்குப் பிரிவுக்குப் பொருந்தாது. உயிரூட்டுவதிலும் இடர் உண்டு. அதன் 400 கிலோபைட் ஃப்ளாப்பியைச் சாதாரணக் கணினியின் டிரைவால் எழுத முடியாது. ஃப்ளாப்பி டிரைவைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே எளிய வழி. முதல் மாடலே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ் ஏறக்குறைய அதே தோற்றத்தைக் குறைந்த அலைச்சலில் தரும்.

நம்மூர் 486

அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் தகுதி இதற்கு இல்லை. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய, பெயரற்ற வெளிர்நிறப் பெட்டி. மேலே பதினான்கு அங்குல வண்ண மானிட்டர். சேகரிப்பாளர்கள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. என் தேர்வு இதுவே, முதற்காரணம் திரை.

இதன் மானிட்டர் விஜிஏ என்னும் பொதுவான பட இணைப்பைக் கொண்டது; சைகை எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தச் செருகி அண்மைக்காலம் வரை மேசைக் கணினிகளில் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழமையுள்ள, விஜிஏ செருகியோடு கூடிய கணினி ஒன்றை மேசைக்கு அடியில் ஒளித்து, அதில் ஃப்ரீடாஸை (பழைய டாஸ் இயங்குதளத்தின் இலவச மாற்று) துவக்கினால், 1993-இல் திரையில் தெரிந்த அதே எண்பது பத்தி, இருபத்தைந்து வரி எழுத்துகள் அப்படியே வந்து நிற்கும். மேலே இருக்கும் 486 பெட்டி உள்ளே வெறுமையாக இருந்தாலும் கேடில்லை. முகப்பில் டர்போ பொத்தானுக்கு அருகே 66 என்று எரியும் எண்ணுக்குக்கூட 5 வோல்ட் போதும். அந்த எண் வேகத்தை அளந்து காட்டியதே இல்லை, கடைக்காரர் ஜம்பர்களை (சிறு இணைப்பு முள்களை) மாற்றி வைத்த எண்ணைத்தான் அது என்றும் காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் சுற்றுப்பொருள்களின் செழுமை. 132 பத்தி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்கள் நம் ஊரில் இன்னும் பில் அடித்துக்கொண்டிருக்கின்றன. டிவிஎஸ் எம்எஸ்பி வரிசை பிரின்டரைக் கடன் கேட்டே வாங்கிவிடலாம். இருபுறமும் துளையுள்ள தொடர்தாளை மேசைக்கு அடியிலிருந்து ஏற்றிப் பின்புறம் மடிந்து விழவிட்டால், அந்த அறையில் வேலை நடக்கிறது என்பதை அது ஒன்றே சொல்லிவிடும். எஃகு மேசை, ஸ்டெபிலைசர், பூட்டுடன் கூடிய ஃப்ளாப்பிப் பெட்டி, ஒருபுறம் மடித்து வைத்த தூசி உறை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள், சென்ற சரஸ்வதி பூசையன்று இட்டுக் காய்ந்துபோன சந்தனக் குங்குமம் சி.பி.யூ.வின் நெற்றியில்: இவற்றில் எதையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. மானிட்டர்முன் தொங்கிய கூச்சத் தடுப்புத் திரை அக்காலத்துக்கு மிகப் பொருத்தமானது என்றாலும், ஒளியைக் கணிசமாக விழுங்குவதால் அதைக் காட்சியில் இன்னொரு மானிட்டரில் மாட்டுவது நல்லது.

அறிந்த காலம் என்பதால் பார்ப்பவர்களும் பிழையை உடனே பிடிப்பார்கள். இந்தத் தேர்வின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் விசை உள்ள கீபோர்டும் சக்கரம் வைத்த மவுஸும் 1993-க்கு ஆகாதவை. பச்சை, ஊதா நிறச் செருகிகள் 1990-களின் இறுதியில் வந்தவை. அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிவிடலாம். ஆங்கிலக் கடிதத் தலைப்பில் நகரத்தின் பெயர் மெட்ராஸ் என்றே இருக்க வேண்டும், ஏனெனில் பெயர் மாறியது 1996-இல். எட்டு இலக்கத் தொலைபேசி எண்ணும் கூடாது. திரையில் தமிழ் எழுத்தைக் காட்ட ஆசைப்படுபவர்கள் லதா எழுத்துருவைத் தவிர்க்க வேண்டும். அது விண்டோஸ் 2000-உடன் வந்தது. தினசரிக் காலண்டரைப் பொறுத்தவரை, 1993-இன் தேதிகளும் கிழமைகளும் 2021-உடன் அப்படியே ஒத்துப்போகின்றன. ஆண்டெண்ணை மறைத்துப் பழையதைத் தொங்கவிடலாம், ஆனால் அமாவாசையும் முகூர்த்த நாளும் ஒத்துப்போகா என்பதைக் கூர்ந்து பார்க்கும் ஒருவராவது சொல்லிவிடுவார்.

கேமராவின் பார்வையில்

பிக்சர் டியூப் ஒரே நேரத்தில் முழுவதும் எரிவதில்லை. மின்கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதிச் செல்கிறது. கண்ணுக்கு நிலையாகத் தெரியும் அந்தத் திரை, வேகமான ஷட்டரில் பாதி இருண்டு பதிவாவது இதனால்தான். ஐபிஎம்மின் பச்சைத் திரை நொடிக்கு 50 முறை எழுதப்படுவதால், நொடியில் 25-இல் ஒரு பங்கு ஷட்டர் நேரத்தில் சரியாக இரண்டு முழு வட்டங்கள் பதிவாகும். அதில் பூசிய பி39 பாஸ்பர், கற்றை நகர்ந்த பின்னும் மங்கி மங்கி ஒளிர்வதால், நேரம் சற்றுப் பிசகினாலும் பட்டை பெரிதாகத் தெரியாது. மெக்கின்டாஷின் வேகம் 60-ஐ ஒட்டியது என்பதால் முப்பதில் ஒரு பங்கும் பதினைந்தில் ஒரு பங்கும் பொருந்தும்.

486-இன் டாஸ் எழுத்துத் திரையோ நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகிறது. முப்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒரு பங்கு போன்ற வழக்கமான ஷட்டர் எண்கள் அதற்கு இசைவதில்லை. முப்பதில் ஒரு பங்கில் எடுத்தால் திரையின் ஒரு பகுதி மூன்று முறையும் மறுபகுதி இரண்டு முறையும் பதிவாகி, நடுவே வெளிச்சப் பட்டை விழும். அரை நொடி, ஒரு நொடி என்று நீட்டினால் அந்த வேறுபாடு கரைந்துவிடும். முக்காலி கட்டாயம், அமர்ந்திருப்பவரும் அசையாதிருக்க வேண்டும். வண்ண டியூபின் உட்புறத்தில் உள்ள துளைத்தகடு டிஜிட்டல் சென்சாரோடு மோதி வானவில் அலைகளையும் உண்டாக்கலாம். கவனப் புள்ளியைத் திரையிலிருந்து இம்மியளவு விலக்கி, கீபோர்டிலோ கையிலோ வைத்தால் அடங்கும். ஒரே நிறத் திரைகளில் அந்தத் தகடு இல்லை, ஆகவே இந்தச் சுற்றில் 486 தோற்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விளக்கிலும் அதற்கு ஓர் ஈடு கிடைக்கிறது. சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப்லைட் இரண்டைத் தேடி மாட்டி, கேமராவின் வெண்சமநிலையைப் பகலொளியில் நிறுத்தினால், அக்கால ஃபிலிமில் அலுவலகப் படங்கள்மீது படிந்த அந்த இளம்பச்சைச் சாயல் தானாகவே வந்துவிடும். இன்றைய எல்இடி குழாய்களில் அது அமைவதில்லை. பழைய டியூப்லைட்டுகளின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பையும் நீண்ட ஷட்டர் சமப்படுத்திவிடும். முதலில் திரைக்கு அளவெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ப அறையின் ஒளியைக் குறைப்பதே முறை. வளைந்த கண்ணாடியில் தெரியும் சன்னலைக் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும்.

மஞ்சள் நிறம்

மூன்றுக்கும் பொதுவான பிழை ஒன்றைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. இன்று கிடைக்கும் பழைய ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிகள், வெயிலாலும் காலத்தாலும் மஞ்சள் பூத்திருக்கின்றன. ஏக்கத்தின் நிறம் என்று கருதிப் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிலர் மென்பொருளில் இன்னும் கூட்டுகிறார்கள். அந்த அலுவலகத்தில் அந்தக் கணினி புதியது. அதை வாங்கக் கோப்பு நகர்ந்து, மேலாளர் கையெழுத்திட்டு, பூசை போட்டுத் திறந்திருப்பார்கள். மஞ்சள் பெட்டியை வைத்து எடுத்தால் கிடைப்பது 1993-இன் அலுவலகம் அன்று, இன்றைய பழைய பொருள் கிடங்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா ஒளியில் வைத்து வெளுக்கும் வழி உண்டு. அரிய ஐபிஎம், மெக்கின்டாஷ் பெட்டிகளில் திட்டுத்திட்டாக வெளுத்துவிடுமோ என்ற அச்சத்தால் உரிமையாளர்கள் அதற்கு இசையமாட்டார்கள். பெயரற்ற 486-க்கு அந்தத் தயக்கம் தேவையில்லை, வெள்ளைச் சாம்பல் வண்ணத்தைத் தெளித்தாலும் கேட்பாரில்லை.

திரையே எரியாவிட்டால்

இறந்த மானிட்டரை வைத்துப் படமெடுத்துவிட்டு, கணினியில் திரைக்காட்சியை ஒட்டிவிடலாமே என்பது நான்காவது வழி. பெட்டிக்குள் தட்டையான எல்சிடி திரையைப் பொருத்துவதைவிட இது மேல், ஏனெனில் வளைந்த கண்ணாடியும் அதன் பிரதிபலிப்பும் அசலாகவே இருக்கும். முழு உயர ஐபிஎம் ஒன்று உயிரின்றிக் கிடைத்து, படத்துக்கு அமெரிக்க 1984 தேவைப்பட்டால், இதையே பரிந்துரைப்பேன். மானிட்டரைத் திறந்து பழுதுபார்க்கும் துணிவு மட்டும் வேண்டா, அணைத்த பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஒட்டும்போது மறக்கப்படுவது திரையின் ஒளி வெளியே விழும் இடங்கள்: மோவாயின் அடிப்பகுதி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, கீபோர்டின் மேல்வரிசை. படமெடுக்கும்போதே பச்சை ஜெலட்டின் தாள் சுற்றிய சிறு விளக்கொன்றைத் திரைக்குக் கீழே படுக்கவைத்து, இம்மூன்று இடங்களுக்கும் ஒளி சேர்வதை உறுதிசெய்துகொண்டால், பின்னர் ஒட்டும் எழுத்துகள் அதற்குப் பொருந்தி உட்காரும்.